முகப்புகளின் ஊர்: ஸ்காக்வேயை முன்வைத்து

சுற்றுலா பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களின் பேச்சு சீக்கிரமே ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்: 'அசல் போயிடுச்சு, இப்ப எல்லாம் வேஷம்.' டீன் மெக்கானல் 1973இல் எழுதிய கட்டுரையும் 1976இல் வந்த அவரது 'தி டூரிஸ்ட்' நூலும் இந்தப் புலம்பலுக்கு ஒரு கோட்பாட்டுச் சட்டையை மாட்டிவிட்டன. எர்விங் கோஃப்மனிடமிருந்து முன்புறம்/பின்புறம் என்ற இருமையை எடுத்துக்கொண்ட மெக்கானல், பயணி தேடுவது பின்புறத்தை, அவனுக்குக் கிடைப்பதோ பின்புறம்போல ஜோடிக்கப்பட்ட இன்னொரு முன்புறம் என்றார். நல்ல வாதம்தான். ஆனால் இந்தச் சட்டகம் எந்த இடத்தில் கிழிகிறது என்பதை அலாஸ்காவின் தென்கிழக்கில், லின் கனாலின் வடகோடியில் கிடக்கும் ஸ்காக்வே என்ற சின்ன ஊரில்தான் பார்த்தேன். சியாட்டிலில் ஏறிய கப்பல் ஒரு கோடை நாள் காலை ஏழு மணிக்கு அங்கே எங்களை இறக்கிவிட்டது. நாலு மணிக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும் என்பது கட்டளை.

2020 கணக்கெடுப்பின்படி ஊரின் ஜனத்தொகை 1,240. கோடை ஒன்றில் கப்பலில் வந்திறங்குகிறவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டுவார்கள். சில நாட்களில் ஒரே பகலில் பத்தாயிரம் பேர். பிராட்வே என்ற ஒற்றைத் தெருவில் மரப்பலகை நடைபாதை, அதன் இருமருங்கும் 1890களின் கட்டிடங்கள். பின்னால் இருப்பது ஒற்றைமாடி மரக்கொட்டகை, முன்னால் எழும்பி நிற்பது இரண்டு மாடி உயரப் பலகைச் சுவர். பொய்முகப்பு. ஒரு கட்டிடத்தின் முகப்பில் 8,800 மிதவைக் கட்டைத் துண்டுகளை ஆணியடித்து ஒட்டியிருக்கிறார்கள், எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சக் கடைகளில் பாதிக்குமேல் நகைக்கடையும் டீசர்ட்டும்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

'பார்த்தீர்களா, வேஷம்' என்று இங்கே எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், இந்தப் பொய்முகப்புகள் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1896 ஆகஸ்டில் கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் அகப்பட்டது. செய்தி வெளியுலகை எட்டிய 1897இல் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சாமான் இல்லாமல் எல்லைக்குள் விடமாட்டோம் என்று கனடியப் போலீஸ் நின்றது. ஆக, கப்பலிலிருந்து இறங்கியவன் இங்கே சாமான் வாங்கினான், ஏமாந்தான், மலையேறிப் போனான். பத்து வருஷம் முன்பே, 1887இல், இந்த மண்ணைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டு காத்திருந்த வில்லியம் மூரை யாரும் சட்டை செய்யவில்லை, அவர் நிலத்தின்மேல் தெருக்களை இழுத்துக்கொண்டு போனார்கள். 'சோப்பி' ஸ்மித் என்ற மோசடிக்காரன் ஒரு தந்தி ஆபீஸ் நடத்தினான் என்றும், காசு வாங்கிக்கொண்டு தந்தி அனுப்பினான் என்றும், அந்தக் கம்பி எங்குமே போகவில்லை என்றும் சொல்லப்படுகிறது. 1898 ஜூலை 8ஆம் தேதி துறைமுகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். கடந்துபோகிறவனிடம் பறிப்பதற்காகவே எழுந்த ஊர் இது. இங்கே எந்த 'அசலை' இழந்துவிட்டதாக நாம் அழ வேண்டும்? பக்கத்தில் டையா என்ற ஊர் இருந்தது. அப்போது பல்லாயிரம் பேர், இப்போது காடு. அங்கே நிற்கும் ஒரே கட்டிட மிச்சம் ஒரு நிலத்தரகர் ஆபீசின் பொய்முகப்பு, அதையும் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பின்புறமே இல்லாத ஒரு முன்புறம். கோஃப்மனுக்கு இது வேலை வைக்காது.

தன்னைத் தானே நடித்துக்காட்டுவதை இந்த ஊர் நேற்று ஆரம்பிக்கவில்லை. மார்ட்டின் இட்ஜன் என்பவர் 1920களிலேயே பயணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கதை சொல்லியபடி ஊரைச் சுற்றிக்காட்டினார், 1935இல் சோப்பியின் மதுக்கடையை மியூசியமாக்கி உள்ளே அசையும் பொம்மையாக அவனையே நிறுத்தினார். கொள்ளையடித்தவன் செத்தபிறகும் ஊருக்கு வருமானம். 1898இல் தொடங்கி 1900இல் முடிக்கப்பட்ட குறுகிய பாதை ரயில், சுரங்கங்கள் படுத்துப்போன 1982இல் நின்றது. 1988இல் மறுபடி ஓடத் தொடங்கியபோது சரக்கு மாறிவிட்டது: நாம்தான் சரக்கு. வைட் பாஸ் உச்சியில் எல்லைவரை ஏறுகிறது, யாரும் இறங்குவதில்லை, எஞ்சின் மறுமுனைக்கு வருகிறது, இருக்கையின் முதுகைத் திருப்பிப்போட்டுப் பக்கம் மாறி உட்காரச் சொல்கிறார்கள். போகும்போது பள்ளத்தாக்கைப் பார்த்தவர் வரும்போது பாறையைப் பார்க்க வேண்டும், எதிர்ப்பக்கத்தாருக்கும் பள்ளத்தாக்கு கிடைக்க வேண்டுமல்லவா! பார்வையை ரேஷனில் பங்கிடுகிறார்கள். கீழே தெரிவது, மூவாயிரம் குதிரைகள் செத்துக் கிடந்த பாதை.

ஜான் உரி 1990இல், ஃபூக்கோவின் மருத்துவப் பார்வையிலிருந்து கிளைபிடித்து, 'சுற்றுலாப் பார்வை' என்றொரு கருத்தாக்கத்தை வைத்தார். பார்க்கிறவனிடம் அதிகாரம், பார்க்கப்படுகிறவன் பொருள். ஸ்காக்வேயில் எனக்கு அந்த அதிகாரம் இருந்ததாகத் தோன்றவில்லை. அதிகாரம் கண்ணில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்பதைப் பயணியும் தீர்மானிக்கவில்லை, ஊர்க்காரரும் தீர்மானிக்கவில்லை. ஒரு சின்ன உதாரணம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது 1886ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று. அதனால் சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியாவை எட்டிப்பார்க்கின்றன, பல சமயம் இருட்டிய பிறகு. அங்கே பூத்திருக்கும் தோட்டத்தை நாம் ரசிப்பது உண்மையில் ஒரு சட்டப்பிரிவின் உபயம். ஸ்காக்வேயில் அந்த மலை ரயிலை 2018இல் வாங்கிய கூட்டு முதலீட்டில் கார்னிவல் கப்பல் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. கொண்டுவந்து இறக்குகிறவரும் மலைக்கு ஏற்றிச் செல்கிறவரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். கடிகாரம் நின்றால் என்ன ஆகும் என்பது 2020இல் தெரிந்தது. அந்தக் கோடையில் ஒரு பெரிய கப்பலும் வரவில்லை. அரசு நிவாரண நிதியிலிருந்து ஊர் நிர்வாகம் குடியிருப்போருக்கு ஆளுக்கு மாதம் ஆயிரம் டாலர் கொடுத்தது.

இத்தனை முகப்புகளிலும் எழுதப்படாமல் ஓரத்துக்குப் போனது டிலிங்கிட் மக்களின் கதை. ஸ்காக்வே என்பதே அவர்கள் சொல்லின் திரிபு. டையாவிலிருந்து ஏறும் சில்கூட் கணவாய் தங்கத்துக்கு முன்பே அவர்களின் வணிகப் பாதை, யார் கடக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். தங்க வேட்டையின்போது கூலி பேசிச் சுமந்தவர்களும் அவர்கள்தாம். மலையின் அந்தப்புறம் தங்கத்தைக் கண்ட குழுவிலும் கேய்ஷ், ஷா ட்லா என்ற டாகிஷ் பூர்வகுடியினர் இருந்தார்கள். கண்டுபிடித்ததாகப் பதிவானது கூடவந்த வெள்ளையர் ஜார்ஜ் கார்மாக்கின் பேரில். சாப்ளின் 1925இல் எடுத்த 'கோல்டு ரஷ்' தொடக்கத்தில் பனிமலையில் எறும்புச் சாரியாக ஏறும் கூட்டத்தை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 'ஆளில்லாப் பனிவெளியை நோக்கிப் போன தனிமனிதன்' என்கிற அந்தப் பெருங்கதையாடலுக்குள் வழிக்குச் சொந்தக்காரன் நுழைய இடமில்லை.

ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் எழுதிய 'எ ஸ்மால் பிளேஸ்' நூலை இந்த இடத்தில் கொண்டுவந்தாக வேண்டும். ஆன்டிகுவாவில் வந்திறங்கும் பயணியை 'நீ' என்று நேருக்கு நேர் விளித்து, அவன் குளிக்கும் கடலில் அவன் கழிவே கலப்பதைச் சொல்லிக்காட்டும் கோபம், மெக்கானலும் உரியும் சேர்ந்தாலும் எட்டாதது. ஆனால் அந்த 'நீ' ஐரோப்பாவிலிருந்தோ வட அமெரிக்காவிலிருந்தோ, பெரும்பாலும் வெள்ளையாக வருகிற 'நீ'. விசாவுக்காகப் பல மாதம் வரிசையில் நின்று, பின் அதே கப்பலில் அதே பஃபே வரிசையிலும் நின்ற என்னை அது பிடிக்குமா? பிடிக்கும் என்றே நினைக்கிறேன், டிக்கெட்டுக்கு நிறம் கிடையாது. அது பிடிக்காத ஆள் வேறு.

காலை எட்டரை மணிக்கு, இன்னும் திறக்காத நூலகத்தின் வாசலில் ஏழெட்டுப் பேர் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். பிலிப்பினோக்கள், இந்தோனேசியர்கள், எங்கள் கப்பலின் சிப்பந்திகள். நூலகத்தின் வைஃபை வாசல்வரை எட்டுகிறது. ஒருவர் தூத்துக்குடிக்காரர், சாப்பாட்டுக்கூடத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். பேசி முடிக்கும்வரை நின்றேன்.

'இந்த ஊருக்கு எத்தனை தடவை வந்திருப்பீங்க?'

'பதினஞ்சு தடவை இருக்கும் சார். ரயில் போறதப் பாத்திருக்கேன், ஏறுனதில்ல. ரெண்டு மணி நேரந்தான் விடுவாங்க. அங்க இப்ப ராத்திரி பத்து மணி, புள்ள தூங்குறதுக்குள்ள பேசிறணும்.'

இவர் பயணியும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. பார்க்கிறவரும் இல்லை, யாரும் இவரைப் படம் பிடிக்கவும் இல்லை. பிராட்வேயின் முகப்புகள் எதுவும் இவருக்காக நிறுத்தப்பட்டவை அல்ல. 1898இல் ஒரு டன் மூட்டையைக் கூலிக்குச் சுமந்தவனை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் மியூசியம் விட்டுவிட்டதுபோல, விருந்தாளி/விருந்தளிப்பவர் என்று இரண்டே பேரை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட சுற்றுலாக் கோட்பாடு இவரையும் விட்டுவிடுகிறது. ஒன்பதரைக்கு அவர் எழுந்து கப்பலை நோக்கி வேகமாக நடந்தார். பத்து மணிக்கு ஷிப்ட்.