வீடா, சானடோரியமா? – ஓர் ஆய்வறிக்கை விமரிசனம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போயிருப்பவர்கள், குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். சானடோரியம் என்றால் என்ன என்று என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "அது ஊர்ப் பெயர் சார்" என்று பதில் வந்தது. ஊர்ப் பெயரன்று. 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே நிறுவிய மருத்துவ நிலையத்தின் பெயர் அது. காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்நாளில் தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன.

ரயில் நிலையத்தின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்ற கருத்து உலகெங்கும் மறைந்துபோயிற்று. அப்படி மறைந்ததில் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் அறிக்கை 1959-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியாயிற்று. அதைப் புகழாத காசநோய் வரலாறே இல்லை எனலாம். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் கொஞ்சம் குறையும் சொல்வேன். பௌதிகம் கற்பிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இரண்டு அளவீடுகளை ஒப்பிட்டு, வேறுபாடு மெய்தானா என்று பார்ப்பது எங்கள் அன்றாடத் தொழில்.

முதலில் ஆராய்ச்சியைப் பார்ப்போம். ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் என்னும் மருந்துகள் 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் கைக்கு வந்துவிட்டன. இந்தியாவில் அப்போது நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். மருந்து மட்டும் கொடுத்து நோயாளியை வீட்டிலேயே வைத்தால் போதாதா? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடாதா? இவற்றுக்கு விடை காண 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை ஏற்றார். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

சென்னை நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதைப் போன்ற முறையில் முடிவாயிற்று. இது மிக முக்கியம். மருத்துவரிடம் விட்டால், இரக்கத்தினால் மோசமான நோயாளிகளை எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். பிறகு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு.

மாத்திரையை வீட்டில் உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று கண்டறிய அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பாஸ் சாலிசிலிக் அமில வகையைச் சேர்ந்தது. ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மேனிலைப் பள்ளி வேதியியல் கூடத்தில் நீங்கள் செய்யும் ஃபீனால் சோதனையேதான் அது! நோயாளியின் வாய்வார்த்தையை நம்பாமலும், அவரை அவமதிக்காமலும் உண்மையை அறிய ஒரு சோதனைக் குழாய் போதுமாயிருந்தது.

ஓராண்டு முடிவில் கோழையில் கிருமி அடங்கிய நிலையை எட்டியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தருகிறது என்று உலகம் முடிவு கட்டியது.

இங்கேதான் நான் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலைக் கொண்டு ஒரு மாணவன் g-இன் மதிப்பை 976 என்பான், இன்னொருவன் 984 என்பான். "இரண்டும் ஒன்றுதானா?" என்று கேட்டால் பாதி வகுப்பு "ஆம்" என்னும், பாதி வகுப்பு "இல்லை" என்னும். பிழை எல்லை தெரியாமல் இரண்டு விடையும் தவறு. 92-க்கும் 86-க்கும் இதே கேள்வியைப் போடுவோம். ஒவ்வொரு பிரிவிலும் கணக்கில் வந்தவர்கள் ஏறக்குறைய 80 பேர். இதை வைத்து வேறுபாட்டின் திட்டப் பிழையை நீங்களே கணக்கிடலாம். ஏறக்குறைய 5 விழுக்காடு வரும். ஆகவே வேறுபாடு 6, பிழை 5. வழக்கம்போல் இருமடங்குப் பிழையை எல்லையாகக் கொண்டால், உண்மையான வேறுபாடு எங்கே இருக்கலாம்? வீடு 4 விழுக்காடு மேலானதாக இருக்கலாம். 16 விழுக்காடு தாழ்ந்ததாகவும் இருக்கலாம். 16 விழுக்காடு என்றால் ஆயிரம் நோயாளிகளில் 160 பேர்! 'வேறுபாடு உறுதிப்படவில்லை' என்பது வேறு, 'இரண்டும் சமம்' என்பது வேறு. 80 பேரை வைத்து இரண்டாவதைச் சொல்ல முடியாது.

அப்படியானால் முடிவு தவறா? தவறன்று. முதலாவதாக, சானடோரியத்துக்கு மாற்று வீடு என்பது காகிதத்தில்தான். படுக்கை கிடைக்காத பெருந்திரளுக்கு உண்மையான தேர்வு, வீட்டுச் சிகிச்சையா அல்லது சிகிச்சையே இல்லையா என்பதுதான். இரண்டாவதாக, அவர்கள் ஓராண்டோடு நிறுத்தவில்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1966-ல் வெளியிட்ட அறிக்கைகளில் வீட்டுப் பிரிவு பின்தங்கியதாகத் தெரியவில்லை. வீட்டில் உடன் வசித்தவர்களிடமும், சானடோரியப் பிரிவினரின் குடும்பங்களைக் காட்டிலும் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுமுன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் நோயாளி விரைவில் பிறருக்கு ஆபத்தில்லாதவராகிவிடுகிறார். காசநோய் கண்டவரின் தம்ளரை என் பாட்டி தனியே கவிழ்த்து வைத்ததை நினைத்துக்கொள்கிறேன். அவர் பயந்த பயம் சிகிச்சைக்கு முந்திய மாதங்களுக்குப் பொருந்தும். பிந்திய மாதங்களுக்குப் பொருந்தாது.

ஆக, கணக்கு பலவீனமானாலும் முடிவு பிழைத்தது. என் மெய்யான புகார் வேறு. அது ஆராய்ச்சியாளர்களைவிட அதைப் படித்தவர்கள் மீது. சானடோரியத்துக்கும் வீட்டுக்கும் இடையே வேறுபட்டது ஒன்றன்று. ஓய்வு, உணவு, பராமரிப்பு, மருந்து கொடுப்பதில் மேற்பார்வை என நான்கு. ஒரே சமயத்தில் நான்கு மாறிகளை மாற்றிவிட்டு, எது என்ன செய்தது என்று பிரிக்க முடியாது. ஆனால் 1961-ல் இதே நோயாளிகளின் உணவைப் பற்றித் தனி அறிக்கை வந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, வீட்டில் அரைவயிறு. இருந்தும் வீட்டு நோயாளிகள் குணமானார்கள். ஆதலால் மருந்து சரியாக இருக்குமானால் நோய் அடங்குவதற்கு உணவு முக்கியமன்று என்பது அதன் சாரம். கிருமி அடங்குவதைப் பொறுத்தவரை இது நியாயமான கூற்றே. ஆனால் அது கைமாறிக் கைமாறி, 'காசநோய்க்கு உணவு முக்கியமன்று' என்று சுருங்கிவிட்டது. இடையில் இருந்த நிபந்தனைகள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோயின. பல்லாண்டுகளுக்குக் காசநோய்த் திட்டங்களில் மாத்திரை இருந்தது, சோறு இல்லை.

இன்னொரு நிபந்தனையும் உதிர்ந்தது. அந்த ஆராய்ச்சியின் 'வீடு' சாதாரண வீடன்று. வாரந்தோறும் மருந்து, வீடு தேடி வரும் ஊழியர், சிறுநீர்ச் சோதனை எல்லாம் சூழ்ந்த வீடு. இவை இல்லாமல் 1962-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தை 1992-ல் மதிப்பிட்டபோது, சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை.

உணவைப் பற்றிய கேள்வியை நேராகக் கேட்ட சோதனை 2019-ல்தான் தொடங்கியது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், 28 காசநோய்ப் பிரிவுகளில், 2,800 நோயாளிகளையும் அவர்களோடு வாழும் 10,345 பேரையும் கொண்டு நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. குடும்பத்தினரில் குலுக்கலில் தேர்ந்த பிரிவினருக்கு மட்டும், ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரைகள். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. பின்னது குலுக்கல் முறை ஒப்பீடன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எடை கூடியவர்கள் முதலிலேயே நோய் இலேசானவர்களாகவும் இருந்திருக்கலாம். குடும்பத்தினரைப் பற்றிய முடிவுக்கு அந்தக் குறை இல்லை. 1959-ம் 2023-ம் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முன்னது, மருந்துண்ணும் நோயாளியின் கோழையைப் பார்த்தது. பின்னது, இன்னும் நோய் வராத குழந்தையின் தட்டைப் பார்த்தது.

இந்திய அரசு 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. அரிசி பருப்பாகத் தருவது நல்லதா, பணமாகத் தருவது நல்லதா என்பது தனி வாதம். ஜார்க்கண்டில் சோதித்தது பணத்தையன்று.

1959 அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கடினமானதன்று, கல்லூரி மாணவர்கள் அகராதியோடு உட்கார்ந்தால் படித்துவிடலாம். படிக்கும்போது எடை பற்றிய பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சானடோரியத்துக்குப் போனவர்கள் வீட்டில் இருந்தவர்களைவிட மிகுதியாக எடை கூடியிருந்தார்கள். அந்த வேறுபாடு அங்கே அச்சில்தான் இருந்தது.