கேட்கும் காது யாருடையது?

தனிமைக்கு மருந்தாகப் பேசும் இயந்திரம் ஒன்றைச் செய்யலாம் என்று நமது நண்பர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். வளைகுடாவில் உழைக்கும் தமிழர் ஒருவர், லேபர் காம்பின் அடுக்குக் கட்டிலில் சரிந்தபின், தமிழிலேயே அதனுடன் மனம்விட்டுப் பேசலாம். அது அலுக்காமல் கேட்கும் என்பது அவர்கள் வாதம். தொழில்நுட்பம் தடையல்ல. அபுதாபியில் 2023இல் அரபுக்கு ‘ஜைஸ்’, 2024இல் ஹிந்திக்கு ‘நந்தா’ என மொழி மாதிரிகள் வெளியாகிவிட்டன.

குரலைத் தேர்ந்ததிலும் அவர்கள் தவறவில்லை. எழுபது, எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போன பலர் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்பினார்கள். எழுத்து வராதவருக்கு மட்டுமல்ல, எழுதினால் பொய்யாகிவிடும் விடயங்களுக்கும் அது உதவியது. ஆனால் மறுமுனையில் ஒரு மனைவியோ தாயோ இருந்தாள். அழுதாள், கோபித்தாள், சிலவேளை பதிலே அனுப்பவில்லை.

1966இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற நிரலை வெளியிட்டார். நீங்கள் தட்டெழுதியதையே கேள்வியாகத் திருப்பித் தரும் உளவைத்திய வேடம், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கியதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னார். இயந்திரத்தால் முடியுமா என்பதல்ல, அதனிடம் ஒப்படைக்கலாமா என்பதே கேள்வி என 1976இல் வைசன்பாம் ஒரு நூலே எழுதினார். 1936இல் நாஜி ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதச் சிறுவன் அவர். அகதிகளாகிய நாம் அவரை அதிகம் படிக்காதது வியப்பே.

ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரியது (இலங்கை 1998இல் அக்குற்றத்தை நீக்கிவிட்டது). மருத்துவத் தகவல்களை நாட்டுக்கு வெளியே வைப்பதை அங்குள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விசா வேலையோடு கட்டப்பட்ட அந்நாட்டில், “சாகத் தோன்றுகிறது” என்று ஒருவர் சொன்ன குரல் எங்கே பதிவாகிக் கிடக்கும்? செயலியை முதலாளியே இலவசமாக வழங்கினால்? சம்பளப் பாக்கியாலும் ஏஜென்டுக்குப் பட்ட கடனாலும் வந்த துயரத்துக்கு, மூச்சை ஆழ இழுத்துவிடும்படி இயந்திரம் சொல்லும். பாக்கி பாக்கியாகவே நிற்கும்.

நடு இரவில் யாருமில்லாதவருக்கு இயந்திரமாவது இருக்கட்டுமே என்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செய்வதானால் குரலைச் சேமிக்காமல், முதலாளி வழியாகக் கொடுக்காமல் செய்யுங்கள். நிலைமை முற்றும்போது தமிழ் பேசும் மனிதர் ஒருவரிடம் அழைப்பு போய்ச் சேர வேண்டும். கொழும்பில் 1974 முதல் ‘சுமித்ரயோ’வும், சென்னையில் 1986 முதல் ‘ஸ்நேகா’வும் தொண்டர்களைக் கொண்டே இப்படிக் கேட்டு வருகின்றன. ஆட்களுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். டுபாயில் இரவு இரண்டு மணியாகும்போது, கோடையில் ரொறன்ரோவில் மாலை ஆறு; லண்டனில் பதினொன்றுதான். நாம் விழித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.