பெட்டிப் படமும் முதல் கையும்

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1979இல் வெளியிட்ட சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற ரேடியோ கன்ட்ரோல் கார் இன்று ஒருவர் கைக்குக் கிடைத்தால், அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட ஓவியத்தில் இருப்பதுபோல் அதைப் பளபளவென்று ஆக்கிவிடலாம். அல்லது நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயன்பாடு அதன்மேல் விட்டுச் சென்ற தடங்களோடு காட்சிக்கு வைக்கலாம். பெரும்பாலோர் முதல் வழியையே எடுக்கிறார்கள். ‘புதுப்பித்தல்’ என்று சொன்னாலே அதுதான் என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது. அந்த எண்ணம் சரிதானா என்று அந்தக் காரின் பொருள்களையும் பிறப்பையும் வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது. ஓட்டுவதற்கான கார் இங்கே பேச்சில்லை. அலமாரிக்குள் நிற்கப்போகும் கார் மட்டுமே பேச்சு.

டாமியா 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகளுக்கும் அதன்பின் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் வந்த நிறுவனம். 1976இல் 1/12 அளவில் வந்த போர்ஷே 934தான் அதன் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார். மாதிரி பிசகக் கூடாது என்பதற்காக நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கி, அக்கக்காகப் பிரித்து அளவெடுக்க வைத்தார். அந்தப் பிடிவாதத்தின் அடுத்த கட்டம் 1979இல் வந்த ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும். இரண்டும் 1/10 அளவு. மண்ணிலும் மணலிலும் ஓடும் பக்கி வகை மாதிரிகளுக்கு வழி திறந்தவை. சாண்ட் ஸ்கார்ச்சர், பாலைவனப் பந்தயத்துக்காக மாற்றியமைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் வடிவம். முன்சக்கரங்களைத் தாங்கும் கைகள் நிஜ பீட்டிலில் உள்ளவற்றைப் போலவே அமைந்தவை. தாங்கு பாகங்கள் வார்ப்பு அலுமினியம். ரேடியோவும் பேட்டரியும் நீர் புகாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும்.

இந்த விவாதத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற உண்மை ஒன்று உண்டு. இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து காராக வெளிவரவில்லை. உதிரிப் பாகங்களும் ஸ்க்ரூப் பொட்டலங்களும் ஸ்டிக்கர் தாளும் செய்முறைப் புத்தகமும் அடங்கிய பெட்டியாக வந்தது. வாங்கியவர்தான் கியர்பாக்ஸைக் கட்டினார், கிரீஸ் தடவினார், பாடிக்குப் பெயின்ட் அடித்தார், ஓட்டுநர் பொம்மையின் முகத்துக்குத் தூரிகை எடுத்தார். ஒரு நிஜக் காரைப் ‘பழைய நிலைக்குக் கொண்டுவருவது’ என்றால், தொழிற்சாலை அதற்கு அடித்த பெயின்ட் என்று சுட்டிக்காட்ட ஒன்று இருக்கும். சாண்ட் ஸ்கார்ச்சருக்கு அப்படியொரு நிலையே இருந்ததில்லை. பெட்டிப் படம் ஓர் ஓவியரின் யோசனை மட்டுமே. அந்தக் கார் முழுமையடைந்த முதல் கணம் அதை வாங்கியவரின் மேசைமேல் நிகழ்ந்தது. ஆகவே ‘அசல் நிலை’ என்று ஒன்றைத் தேடினால் அது முதல் சொந்தக்காரரின் கைவேலையில்தான் கிடைக்கும்.

இதற்கு எதிர்த்தரப்பின் வாதத்தையும் முழு பலத்தோடு வைக்க வேண்டும். அவர்கள் சொல்வது இது: இந்தப் பொருளின் மகிழ்ச்சியே அதன் புதுமையில்தான் இருக்கிறது. சிறு வயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏங்கியது பெட்டிப் படத்தைத்தான். அந்த ஏக்கத்தை நிறைவேற்றுவதில் தவறென்ன? மங்கிய பெயின்ட்டும் கீறல்களும் வடிவமைப்பாளரின் எண்ணத்தை மறைக்கின்றன. அதைத் துலக்கிக் காட்டுவதும் ஒரு மரியாதைதான். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்த வடிவமைப்பைத் தெளிவாகக் காட்டும் கார் ஒன்று உலகில் இருக்கவே வேண்டும். அதற்குப் பழைய காரைத்தான் பலி கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அதை எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். தொடாமல் விட்டால் சேதம் வளருமா? செய்த வேலையைப் பின்னால் திரும்பப் பெற முடியுமா? பார்ப்பவருக்கு அந்தக் கார் தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லுமா?

முதல் அளவுகோலில் தயக்கமே வேண்டாத இடங்கள் உண்டு. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி உள்ளேயே இருந்தால் அதிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு செம்புக் கம்பிகளையும் இணைப்பு முனைகளையும் அரித்துக்கொண்டே போகும். அதை எடுத்தாக வேண்டும்; கசிவின் மிச்சத்தை நீர்த்த வினிகரால் சமன் செய்து, துடைத்து, உலர்த்த வேண்டும். கையில் பிடிக்கும் ட்ரான்ஸ்மிட்டரில் மறந்துபோய்க் கிடக்கும் பேட்டரிகளுக்கும் இதே கதிதான். அதிர்வைத் தாங்கும் டேம்பர்களில் பழைய எண்ணெய் இருந்தால் வடித்துவிடலாம். ஓடாத காருக்கு அது தேவையில்லை, கசிந்தால் பாடியையும் ஸ்டிக்கரையும் கெடுக்கும். பிசினாகிப்போன கிரீஸையும் மூலைகளில் ஒட்டிய மண்ணையும் எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மண் ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகு ஸ்க்ரூக்களைத் துருப்பிடிக்க வைக்கும். அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு கவனம் வேண்டும். அவை ஜப்பானியத் தர அளவிலான கூட்டல்குறித் தலை கொண்டவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை மழுங்கிவிடும். மழுங்கிய தலை முதல் சொந்தக்காரரின் தடம் ஆகாது. இன்றைய அவசரத்தின் தடமே.

அலுமினியத்தில் தராசு சற்று அசைகிறது. வார்ப்பு பாகங்களைப் பாலிஷ் மெஷினில் கொடுத்து முகம் தெரியும்படி ஆக்குபவர்கள் உண்டு. அவை புதிதாக இருந்தபோதுகூட அப்படிப் பளபளத்ததில்லை. வார்ப்பின் சொரசொரப்பைத் தேய்த்து எடுத்தபின் அதைத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை. மென்மையான சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் இங்கே போதும். மூன்று அளவுகோல்களிலும் பாலிஷ் தோற்றுப்போகிறது.

டயர் வேறு கதை. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது; அதை யாராலும் தைத்து மூட முடியாது. எடை நின்ற இடத்தில் டயர் தட்டையாகும். ரப்பரிலுள்ள மென்மைப்படுத்தும் வேதிப்பொருள் சில பிளாஸ்டிக்குகளுக்குள் ஊறி அவற்றை உருக்கித் தடம் பதிக்கும். எனவே காரைச் சேஸிக்கு அடியில் முட்டுக்கொடுத்து, டயர் தரையையோ பெட்டியின் பிளாஸ்டிக்கையோ தொடாமல் நிறுத்துவதே சரி. வெடித்த டயருக்குப் பதிலாகப் புது டயர் போடுவதில் குற்றமில்லை, ஏனென்றால் அது நொடியில் கழற்றக்கூடியது. பழைய டயரைக் குப்பையில் போடுவதுதான் குற்றம்.

நைலான் பாகங்களில் கைப்பழக்கம் உள்ளவர்களின் அனுபவத்துக்கு மதிப்புத் தர வேண்டும். உலர்ந்து மொறமொறப்பாகிவிட்ட நைலானை வெந்நீரில் வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி ஓரளவு உறுதியைத் திரும்பப் பெறுகிறது. அப்படிச் செய்வது பாகத்தைக் காப்பாற்றும் சிகிச்சை. வெளுத்த கறுப்பு நைலானுக்குச் சாயம் ஏற்றுவது அப்படியல்ல. சாயம் உள்ளே ஊறிவிட்டால் வெளியே வராது. கிடைக்கும் பலனும் கண்ணுக்கு மட்டும்தான்.

அதிகம் கொண்டாடப்படும் சிகிச்சை, மஞ்சளாகிப்போன வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் தோய்த்து வெயிலில் வைப்பது. 2008 முதல் பழைய கணினிப் பெட்டிகளை வெளுக்கப் பரவிய முறை இது. பார்ப்பதற்கு அற்புதம்தான். ஆனால் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் மஞ்சளாவது, அதிலுள்ள பியூட்டடீன் பகுதி புறஊதா ஒளியாலும் காற்றாலும் ஆக்சிஜனேற்றம் அடைவதால். பெராக்சைடு நிறத்தை வெளுக்கிறதே தவிர, சிதைந்த மூலக்கூறை ஒட்டவைப்பதில்லை. பலருடைய பொருள்களில் மஞ்சள் திரும்ப வந்திருக்கிறது. அளவு தவறியவர்களுக்குத் திட்டுத்திட்டாக வெளுத்தும் போயிருக்கிறது. நோயை விட்டு அடையாளத்தை மட்டும் நீக்கும் இந்த வேலைக்கு அடுத்தவர் தரும் பெருமை அதிகம், பொருளுக்குக் கிடைக்கும் பயன் குறைவு. நேர் வெயில் படாத இடத்தில் வைத்தால் மஞ்சளாவது மெதுவாகும். அதுவே மேலான மருந்து.

இனி வழக்கின் மையம்: பெயின்ட். சாண்ட் ஸ்கார்ச்சரின் பாடி கடினமான வார்ப்பு பிளாஸ்டிக். பெயின்ட் வெளிப்புறத்தில் அடிப்பது. பிரேக் ஆயிலில் ஊறவைத்தால் பழைய பெயின்ட் கழன்றுவிடும் என்பதால் கை துறுதுறுக்கும். பின்னாளில் வந்த பல மாதிரிகளில் பாடி பாலிகார்பனேட். பெயின்ட் உட்புறத்தில் இருக்கும். தவறான கரைப்பான் பட்டால் பாடியே விரிசல் விட்டுவிடும். இரண்டிலும் கழற்றிய பெயின்ட் கழன்றதுதான். அதோடு போவது என்ன என்று யோசிக்க வேண்டும். பாலிகார்பனேட் பாடியில் கத்தரிக்கோல் சற்றே வளைந்து வெட்டிய சக்கர விளிம்பு, தூரிகை முடி ஒட்டிக்கொண்ட கறுப்புக் கோடு, செய்முறைப் புத்தகம் சொன்ன இடத்தை விட்டு வேறெங்கோ ஒட்டிய ஸ்டிக்கர் எண், ஓட்டுநரின் முகத்தில் சற்றே கோணலான கண். இந்தக் காரைக் காராக்கிய ஒரே மனிதரைப் பற்றிய சான்று இவ்வளவுதான். மேலே புதுப் பெயின்ட் அடித்தால் வடிவமைப்பு தெரியும், செய்தவர் அழிந்துபோவார்.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் ‘பெட்டிப் படத் தோற்றம்’ அரிய பொருளாக இருந்திருந்தால் தராசு சமமாக நின்றிருக்கலாம். அது அரியதல்ல. டாமியாவே ரஃப் ரைடரை 2009இல் பக்கி சாம்ப் என்ற பெயரிலும், சாண்ட் ஸ்கார்ச்சரை 2010இலும் மறுவெளியீடு செய்தது. அதன் மற்ற கார்களில் 1983இன் ஃப்ராக் 2005இலும், 1984இன் ஹார்னெட் 2004இலும், 1988இன் அவான்டே 2011இலும் திரும்ப வந்தன. பெட்டிப் படம் வேண்டுமென்பவர் மறுவெளியீட்டுப் பெட்டியை வாங்கி, முதல் ஸ்க்ரூவிலிருந்து தானே கட்டி, தானே பெயின்ட் அடிக்கலாம். அதில் அவரே முதல் சொந்தக்காரர். அந்த மகிழ்ச்சியை இரவல் வாங்க வேண்டியதில்லை. மறுவெளியீட்டுப் பாகங்களைப் பழைய காரில் ஏற்றுவதோ மூன்றாம் அளவுகோலில் விழுகிறது. அவை எப்போதும் பழையவற்றின் அச்சுப் பிரதியாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, அசல் ஃப்ராக்கின் பின்சக்கரத் தண்டுகளில் இருந்த அறுகோண முனைகள் தேய்ந்துபோவதற்குப் பேர்போனவை. மறுவெளியீட்டில் அந்த அமைப்பே மாறிவிட்டது. அந்தக் குறைபாடும் 1983இன் பொறியியல் வரலாறுதான். புதுத் தண்டு போட்டு, சொல்லாமல் காட்சிக்கு வைத்தால் அந்த வரலாறு மறைந்துவிடும்.

ஜப்பானிலிருந்தே ஒரு மறுப்பு வரலாம். அங்கே இசே கோயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது. கடைசியாக 2013இல் கட்டினார்கள். பழைய மரத்தில் இல்லாத புனிதம் புது மரத்தில் இருக்கிறதென்றால் பழைய பெயின்ட்டில் மட்டும் என்ன பெருமை? ஆனால் அதே நாட்டில் நாரா அருகே ஹோர்யூஜி இருக்கிறது, உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரக் கட்டடங்கள் உள்ள மடம். அங்கே உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, புது மரத்தை இணைத்து, மற்றதை அப்படியே காத்து வருகிறார்கள். 1949இல் அதன் தங்க மண்டபத்துச் சுவரோவியங்கள் தீயில் சேதமான அதிர்ச்சியே மறு ஆண்டு பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வரத் தூண்டியது. ஒரே பண்பாடு இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்திருக்கிறது. மறுவெளியீடுதான் டாமியாவின் இசே. அலமாரியில் நிற்கும் 1979ஆம் ஆண்டுக் காருக்கு ஹோர்யூஜியின் முறையே பொருந்தும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரண்டாகப் பிளந்த பாடி, காணாமல்போன சக்கரம், விற்பதற்காக இடைத்தரகர் அவசரமாக அடித்த மேல்பூச்சு ஆகியவற்றில் காக்க வேண்டிய முதல் கைவேலை மிச்சமில்லை. அங்கே புதுப் பாகம் போடுவதும் மேல்பூச்சை நீக்குவதும் நியாயம். அப்போதும் மாற்றிய பாகத்தின் உட்புறத்தில் ஆண்டைக் குறித்துவைக்க வேண்டும். கழற்றிய பழையவற்றைப் பெயரெழுதிய பொட்டலத்தில் காரோடு சேர்த்துவைக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துவைக்க வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இதுதான். காட்சிக்கான பழைய ரேடியோ கன்ட்ரோல் காரில் அரிப்பை நிறுத்துவதும், அழுக்கை நீக்குவதும், கழற்றக்கூடிய பாகத்தை மாற்றுவதும் சரியானவை. பாலிஷ், சாயம், வெளுப்பு, மறுபெயின்ட் ஆகியவை திரும்பப் பெற முடியாதவை. முதல் கைவேலை எஞ்சியிருக்கும் காரில் அவை தவறு. பழைய சாண்ட் ஸ்கார்ச்சர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பேட்டரியை எடுங்கள், மண்ணைத் துடையுங்கள், சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். பெயின்ட்டைத் தொடாதீர்கள்.