பழைய நீலகிரிப் படங்கள்: எதை நம்பலாம்?

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் பார்ன் 1860களின் இறுதியில் ஊட்டியைப் படம்பிடித்தார். அந்தப் படங்களில் மொட்டையாகத் தெரியும் குன்றுகளைப் பார்த்ததும், அப்போதே காட்டை அழித்துவிட்டார்கள் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. மேட்டில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாக இருப்பதுதான் மேல்நீலகிரியின் இயல்பு. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. இன்றைய ஊட்டிப் படத்தின் அடர்பச்சையில்தான் இழப்பு இருக்கிறது. வெள்ளையர் கொண்டுவந்து, பிறகு நம் வனத்துறையும் பரப்பிய கற்பூர மரமும் சீகை மரமும் புல்வெளிகளை விழுங்கிவிட்டன. மண்ணை அறியாதவர் கையில் பழைய படம் பொய் சொல்லும்.

ஆனாலும் பழைய படங்களைக் கொண்டு அன்றைய வாழ்க்கையை அறியும் ஆராய்ச்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். படமெடுத்தவர் பொருட்படுத்தாத விவரங்களும் கண்ணாடித் தட்டில் பதிந்துவிடுகின்றன. மாவட்ட ஆணையராக இருந்த பிரீக்ஸ் தொகுத்து, அவர் இறந்தபின் 1873இல் வெளிவந்த நூலின் படங்கள் பழங்குடிகளை வகைப்படுத்துவதற்காக எடுக்கப்பட்டவை. அந்த வகைப்பாட்டை ஒதுக்கிவிட்டு இத்தகைய படங்களின் ஓரங்களைப் பாருங்கள். மந்து எனப்படும் தோடர் குடியிருப்பில் கூரை வளைந்து தரைவரை இறங்கும் விதம், தவழ்ந்தே நுழைய வேண்டிய வாசல், பூத்துக்குளி என்னும் தையல் வேலைப்பாடுள்ள போர்வையைத் தோளில் சுற்றியிருக்கும் முறை எல்லாம் தெரியும். தோடர் தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்று, இன்று பையாகவும் சால்வையாகவும் விற்கிறது. அது உடலின்மீது எப்படி வாழ்ந்தது என்பதற்கு இப்படங்களே சாட்சி.

குறை எங்கே என்றால், அன்றாட வாழ்க்கை அசைவது. அன்றைய கேமரா அசைவைத் தாங்காது. சில விநாடிகள் ஆடாமல் நிற்க வேண்டும். ஓடும் பிள்ளையும் பால் கறக்கும் கையும் மங்கிப்போகும். ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிறுத்திவைத்த வாழ்க்கைதான். அதைவிடக் கொடுமை, நிறுத்தியவரின் நோக்கம். அதே 1873இல் தோடர்களைப் பற்றி நூல் வெளியிட்ட மார்ஷல், மண்டையோட்டின் வடிவைக்கொண்டு மனிதரின் குணத்தை அளக்க வந்தவர். அந்த அளவீட்டை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. அந்த முகங்களின் இறுக்கத்தை அவர்களின் சுபாவம் என்று இன்றும் எழுதுவது அநியாயம்.

தேயிலைத் தோட்டப் படங்களிலும் இந்தக் குறை உண்டு. கூடையோடு வரிசையாக நிற்கும் பெண்களைக் காண்கிறோம்; தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் உட்புறத்தைக் காண்பது அரிது. துரையின் பங்களாவுக்குத் தலைப்பு உண்டு. கொழுந்து பறித்தவளுக்குப் பெயர் கிடையாது.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பாஸ்போர்ட் படங்களை இங்கே நினைக்க வேண்டும். அவற்றிலும் விறைப்புத்தான். ஆனால் பெயரும் வயதும் கூடவே இருக்கின்றன. அந்த ஒரு வேறுபாட்டால், எனக்கு அவை பார்னின் அழகிய காட்சிகளைவிட மதிப்புள்ள ஆவணங்கள்.

படத்தை மட்டும் உற்றுப் பார்த்து எழுதும் வரலாறு பாதி வரலாறு. லண்டன் நூலகங்களில் இருக்கும் படங்களின் பிரதிகள் மந்துகளுக்கும் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் லயங்களுக்கும் போக வேண்டும். அங்குள்ள மூத்தவர்கள் பேச, அதைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். பாட்டி இருக்கும்போதே கேட்டு, ஆளின் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள்.