தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

வெள்ளவத்தைக்காரருக்குக் கடல் என்றால் மரைன் டிரைவில் மாலைக் காற்று, ரயில் போகும்வரை ஒரு நிமிட நிற்பு, கையில் கொஞ்சம் கடலை. அவ்வளவுதான். அந்தத் தண்ணீருக்குள் ஒரு கமராவோடு இறங்கிப் பாருங்கள், இத்தனை வருடமும் இந்த ஊரில்தானா இருந்தோம் என்று ஆகிவிடும்!

நிறத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பத்து மீற்றர் இறங்குவதற்குள் கடல் சிவப்பை விழுங்கிவிடுகிறது. எல்லாம் நீலச் சாம்பல். பாறை இடுக்கில் மங்கிய பழுப்பாக ஒரு கலவாய் கிடந்தது. டோர்ச்சை அடித்தேன். அப்பப்பா! தகதகவென்ற செம்மேனி, அதன்மேல் நீலப் பொட்டுகள். கொட்டாஞ்சேனையில் ஐஸின்மேல் வைத்து விலை பேசுகிற அதே இனம், இங்கே செவுளை அசைத்தபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கவும் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபிளாஷை லென்ஸுக்கு ஒட்டி வைத்தால் மிதக்கும் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகிப் படம் பாழ். நீண்ட கம்பிகளில் இருபக்கமும் விலக்கி வைக்க வேண்டும்.

கப்பல்கள் வேறு! ஜெர்மனியின் 'வொல்ஃப்' போர்க்கப்பல் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகளில் 1917 பெப்ரவரியில் அமிழ்ந்த பேர்சியஸும் வூஸ்டர்ஷயரும் கொழும்புக்கு அப்பால்தான் கிடக்கின்றன. ஆழம் அதிகம், தேர்ந்த சுழியோடிகளுக்கு மட்டும்.

இந்தப் பைத்தியம் எங்களுக்குப் புதிதும் அல்ல. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் இங்கே வந்து கடலடியைப் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய ரொட்னி ஜோங்க்ளாஸ் அவர்களுக்குத் தோழர். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைத் திருகோணமலைக் கடலடியில் கமராவில் பதித்தவர்கள் இவர்கள். 1962இல் வில்சன் இயக்கிய 'ரன் முத்து தூவ', முதல் வண்ணச் சிங்களத் திரைப்படம், நீருக்கடியிலும் எடுக்கப்பட்டது. பின்னாளில் அந்த மனிதர் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார். இதைவிட நல்ல கதை எந்த சினிமாவில் இருக்கிறது?

ரசனையோடு முடிகிற விஷயமும் அல்ல இது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து அமிழ்ந்தபோது பிளாஸ்டிக் மணிகள் கரைக்கு வந்து குவிந்ததால் நாடே பார்த்தது. பவளப்பாறையை இறுக்கிக் கிடக்கும் நைலோன் வலையை யார் பார்ப்பது? அப்படியொரு வலையை எடுத்த சின்ன வீடியோவை எங்கள் மாடிவீட்டில் போட்டுக் காட்டினேன். மீன் விலையைத் தவிர வேறெதுவும் பேசாத மாமி, "இதை ஏன் ஒருத்தரும் வெட்டி எடுக்கேல்லை?" என்று என்னையே அதட்டினார். எந்தக் கட்டுரையைப் படித்தும் அந்தக் கோபம் வராது.

ஆகவே, வாருங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். முதலில் முறையாகச் சுழியோடப் பழகுங்கள், கமராவைப் பிறகு வாங்கலாம். நல்ல படத்துக்காகப் பவளத்தைப் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.