இராமானுசன் வரலாறும் நம் வாசிப்பும்

பட்டப் பரீட்சையில் வகுப்பின்றிச் சித்தியெய்தியோர் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்குங்கால், நண்பர்கள் முதலிற் கூறும் ஆறுதல் சீனிவாச இராமானுசனின் பெயரே. கணித மேதையே கல்லூரித் தேர்வில் தோற்றாரன்றோ என்பர். அவ்வாறுதல் அவர் வரலாற்றைப் பிழைபடப் படித்ததன் விளைவு என்பது எமது கருத்து.

அவ்வரலாற்றை விரித்தெழுதிய இராபர்ட் கனிகல், 1991இல் வெளியான தம் ஆங்கில நூலில் எதையும் மறைத்தாரல்லர். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்த இராமானுசன் ஏனைய பாடங்களைப் புறக்கணித்து உதவிப்பணத்தை இழந்தமையும், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தவறியமையும் அங்குள. உடலியலில் அவருக்குக் குறைந்த புள்ளி இட்ட தேர்வாளர் அநீதி இழைத்தாரல்லர். இராமானுசன் அதனைப் படிக்கவில்லை. இதனை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். நூலைத் தழுவி 2015இல் வந்த திரைப்படமோ இவ்விடத்தில் தங்காது கேம்பிரிட்ஜுக்கு விரைகிறது. அதனைக் கண்ட மாணவன், ஹார்டிக்கு எழுதிய ஒரு கடிதமே கதவைத் திறந்தது எனக் கொள்வான்.

நடந்தது வேறு. 1911இலேயே இந்தியக் கணிதக் கழகச் சஞ்சிகையில் அவர் கட்டுரை அச்சேறியது. 1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். (துறைமுகச் சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்கள் பல உள்ள திருகோணமலையார்க்கு இப்பகுதி தனிச்சுவை தரும்.) ஆங்கு அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்தெழுதினார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் ஏதுமில்லாத அவருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கியது. தோற்ற தேர்வை எவரும் மறந்துவிடவில்லை. எழுதிய ஏடுகளை அறிந்தோர் படித்தனர், அவ்வளவே.

நம் நாட்டில் விரிவுரை மண்டபத்தை அரிதாகவே காணும் வெளிவாரி மாணவர்க்கு இது நேரே பொருந்தும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலைமாணிக்கும் முதுமாணிக்கும் இடையே பட்டப்பின் சான்றிதழ், பட்டப்பின் டிப்ளோமா என இரு படிகள் உள. பழைய புள்ளிகளுக்குச் சமாதானம் எழுதுவதினும் அப்படிகளில் ஒன்றில் ஏறி, நல்ல ஆய்வுக்கட்டுரை ஒன்றை விண்ணப்பத்தோடு வைத்தல் நன்று. ஆயின் அதனைப் பிரித்துப் படிக்கும் கடன் தேர்வுக்குழுவினருடையது. புள்ளிப் பட்டியலோடு கோப்பை மூடுவோர் வாக்கரை நினைத்தல் வேண்டும். தூய கணிதம் தமது துறையன்றாயினும் அவர் அக்குறிப்பேடுகளைத் திறந்து பார்த்தார். 1916இல் கேம்பிரிட்ஜ் இராமானுசனுக்கு அளித்த கலைமாணிப் பட்டமும் ஆராய்ச்சிக்கே அளிக்கப்பட்டது.