மலிவான ஸ்டீல் ஹார்ட்டெயில்: ஸ்டிக்கரா, அளவு அட்டவணையா?

மலை சைக்கிள்காரர்களிடம் ‘ஸ்டீல் இஸ் ரியல்’ என்று ஒரு கோஷம் உண்டு. எதுகையோடு வருவதால் டி-ஷர்ட்டில் அச்சடிக்க வசதி. ஆனா காசை எண்ணி எண்ணி ஒரு ஃப்ரேம் வாங்குறவருக்கு அந்தக் கோஷம் ஏதாவது உதவி செய்யுதா? பெரும்பாலும் இல்லை என்பது என் கருத்து. சில சமயம் கெடுதலும் செய்யும்: பார்க்க வேண்டிய நாலு விஷயத்தை விட்டுட்டு, பார்க்கத் தேவையில்லாத ஒண்ணைப் பார்க்க வைக்கும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க், பின்னால் எந்த ஸ்பிரிங்கும் இல்லாத சைக்கிள்தான் ஹார்ட்டெயில். இங்கே நான் எடுத்துக்கொள்வது 120 முதல் 140 மி.மீ. வரை அசையும் ஃபோர்க்குக்கான, குரோமோலி ஸ்டீலில் செய்த, கையில் செய்யாத, தொழிற்சாலை ஃப்ரேம்கள். சர்லி கராத்தே மங்கி, கோனா யூனிட், மரின் பைன் மவுண்டன் வகையறா. டைட்டானியமும், ஆளுக்கு அளவெடுத்துச் செய்பவையும் இதில் சேராது.

ஸ்டீலுக்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பதில் வரலாறும் இருக்கு. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ‘ரீபேக்’ என்ற மலையிறங்கும் பந்தயம் முதலில் நடந்தது 1976 அக்டோபரில். ஓட்டியவை பழைய ஷ்வின் சைக்கிள்கள். ஒரு முறை இறங்கினாலே பின் பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதனாலதான் அந்தப் பேர். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ், இதற்கென்றே ஒரு ஃப்ரேம் செய்தார். குழாய் குரோமோலி. அன்றைக்கு அது ஒரு கொள்கை முடிவு இல்லை. கிடைத்ததில் நல்ல குழாய் அதுதான், அவ்வளவுதான். பிறகு 90களில் அலுமினியம் கடையைப் பிடித்துக்கொண்டது. தோற்ற பிறகுதான் ஸ்டீலுக்கு ஒரு ஆன்மா இருப்பதாகப் பேச ஆரம்பித்தார்கள்.

சொகுசு என்ற வாதம்

‘ஸ்டீல் மென்மையா போகும், அலுமினியம் முதுகை ஒடிக்கும்.’ அதிகமாகக் கேட்கிற வாதம் இது. கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு உலோகம் எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்வது யங் குணகம். ஸ்டீலுக்கு சுமார் 205 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு சுமார் 70. அதாவது உலோகமாகப் பார்த்தால் ஸ்டீல்தான் மூன்று மடங்கு விறைப்பு! அப்போ கதை எப்படித் தலைகீழாச்சு? குழாயின் விட்டத்தால். மெல்லிய சுவர் கொண்ட ஒரு குழாய் வளைய மறுப்பது, விட்டத்தின் மும்மடியையும் சுவர்த் தடிமனையும் பொறுத்தது. 35 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. சுவர் உள்ள ஸ்டீல் குழாயையும், 50 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. சுவர் உள்ள அலுமினியக் குழாயையும் ஒப்பிட்டால், எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அலுமினியக் குழாய் சுமார் இரண்டு மடங்கு விறைப்பு. ஆக, ‘மென்மை’ என்று சொல்லப்படுவது உலோகத்தின் குணம் இல்லை. குறிப்பிட்ட ஒரு விட்டத்தைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

அதுவும் எந்தத் திசையில்? பின் முக்கோணம் என்பது பாலத்தில் இருக்கும் சட்டகம் மாதிரி. பக்கவாட்டில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், ஆனால் செங்குத்தாக அழுத்தினால் அசைவது ரொம்பச் சொற்பம். அதே நேரத்தில் 2.4 அங்குல டயர் ஒரு கல்லில் மோதும்போது சென்டிமீட்டர் கணக்கில் அமுங்கும். காற்றை மூன்று பி.எஸ்.ஐ. குறைத்தால் கிடைக்கும் வித்தியாசத்தை, ஃப்ரேமை மாற்றி வாங்க முடியாது. டயரும், நீண்டு நிற்கும் சீட் போஸ்ட்டும், ஹேண்டில்பாரும் செய்கிற வேலைக்கு ஃப்ரேம் பேர் வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்றையும் சேர்க்கணும். 90களின் மெல்லிய ஸ்டீல் ஃப்ரேம் வேறு, இன்றைய ஸ்டீல் ஃப்ரேம் வேறு. ஐ.எஸ்.ஓ. 4210 தரச் சோதனையில் ஒரு மலை சைக்கிள் ஃப்ரேமின் முன் முனையை 1200 நியூட்டன் விசையில் முன்னாலும், 600 நியூட்டனில் பின்னாலும் மாற்றி மாற்றி 50,000 தடவை தள்ளி இழுப்பார்கள். விரிசல் விடக் கூடாது. நீளமான ஃபோர்க், பெரிய சக்கரம், இந்தச் சோதனை எல்லாம் சேர்ந்தால் குழாய் தடிக்கும், ஹெட் ட்யூப் அருகே வலுவூட்டும் தகடு வரும். விலை குறைவான ஃப்ரேமில் இது இன்னும் தெரியும். இரண்டரை கிலோவைச் சுற்றி எடை வருவது சகஜம். 1992 மாடலை ஓட்டியவரின் நினைவை வைத்து இன்றைய ஃப்ரேமை வாங்குவது, பாட்டி காலத்து நெய்யின் ருசியை வைத்து பாக்கெட் நெய் வாங்குகிற மாதிரி.

ஸ்டிக்கர் சொல்வதும் சொல்லாததும்

அடுத்தது குழாயின் பெயர். பர்மிங்காமின் ரெய்னால்ட்ஸ் கம்பெனிக்கு இதில் தனி இடம் உண்டு. முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் ‘பட்டட்’ குழாய்க்கு 1897இல் காப்புரிமை வாங்கியவர்கள் அவர்கள். நமக்கும் இதில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. ரெய்னால்ட்ஸ் பல காலம் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தில் இருந்தது. அதே குழுமத்தோடு சேர்ந்துதான் 1949இல் முருகப்பா குடும்பம் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் இருந்து வந்த ஹெர்குலிஸ் சைக்கிளுக்கும் அந்த ஸ்டிக்கருக்கும் ஒரே தாத்தா.

சரி, ஸ்டிக்கருக்கு வருவோம். 520 என்றால் சாதாரண குரோமோலி. 853 என்றால் வெல்டிங் செய்த இடம் காற்றில் ஆறும்போதே கடினமாகும் உயர் ரகம். ரெய்னால்ட்ஸ் தரும் இழுவிசை வலிமை 520க்கு 700 முதல் 900 மெகாபாஸ்கல், 853க்கு 1250 முதல் 1400. பெரிய வித்தியாசம்தான். ஆனால் இது வலிமை, விறைப்பு இல்லை. விறைப்பு எல்லா ஸ்டீலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வலிமை கூடினால் சுவரை மெலிதாக்கலாம், அதனால் எடை சில நூறு கிராம் குறையலாம். வடிவமைப்பவர் உண்மையிலேயே மெலிதாக்கினால்தான் அந்த லாபம். 853 என்று எழுதிவிட்டு பழைய தடிமனே வைத்தால், நீங்கள் காசு கொடுப்பது ஸ்டிக்கருக்கு.

அதோடு, ஸ்டிக்கர் பெரும்பாலும் முன் முக்கோணத்தைப் பற்றித்தான் பேசும். பின்பக்கம் சாதாரண குரோமோலியாக இருக்கும். இதில் ஏமாற்று இல்லை, பின்பக்கத்துக்கு அதுவே போதும். ஆனால் ரொம்ப மலிவான சைக்கிளில் ‘குரோமோலி மெயின் ட்யூப்’ என்று எழுதியிருந்தால், மீதிக் குழாய்கள் ஹை-டென் என்ற கனமான ரகமாக இருக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

‘எந்த ஊரிலும் வெல்டிங் போட்டுக்கலாம்’ என்பதும் பாதி உண்மைதான். நடுவில் 0.6 மி.மீ. சுவர் உள்ள குழாயில், கேட் வெல்டிங் செய்யும் பட்டறையில் ஆர்க் வைத்தால் ஓட்டை விழும். ஃப்ரேம் செய்யத் தெரிந்தவரிடம் போனால் சரி செய்வார். ஆனால் மலிவான ஃப்ரேமுக்கு அந்தக் கூலி கட்டுபடியாகுமா என்று பார்க்கணும். துரு விஷயமும் அப்படியே. வெளியே கீறல் விழுந்த இடத்தைவிட, சீட் ட்யூப் வழியாகத் தண்ணீர் இறங்கி பெடல் அச்சு இருக்கும் கூட்டில் தேங்குவதுதான் ஆபத்து. அங்கே ஒரு வடிகால் துளை இருக்கா என்று பாருங்கள். புது ஃப்ரேமுக்கு உள்ளே துருத் தடுப்பு எண்ணெய் அடிப்பது ஒரு மணி நேர வேலை.

அப்போ ஸ்டீல் எதுக்கு?

இவ்வளவும் சொன்ன பிறகும், நல்ல ஹார்ட்டெயில்கள் பல ஸ்டீலில்தான் இருக்கின்றன. காரணம் உலோகத்தின் மென்மையில் இல்லை, உற்பத்திச் செலவில் இருக்கு என்று நினைக்கிறேன். அலுமினியக் குழாயை நவீன வடிவத்துக்கு ஊதி வளைக்க அச்சு வேண்டும், அச்சுக்கு முதல் போட வேண்டும், முதலை எடுக்க ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். ஸ்டீல் குழாயைப் பட்டியலில் பார்த்து வாங்கி, வெட்டி, பற்றவைக்கலாம். கொஞ்ச எண்ணிக்கையிலேயே ஒரு சின்ன கம்பெனி தைவானில் செய்து வாங்கிவிடும். கோணத்தை ஒரு பாகை மாற்றணும்னா அடுத்த தொகுதியில் மாற்றிவிடலாம். இங்கிலாந்தின் காட்டிக், ஆன்-ஒன் போன்ற சின்ன கம்பெனிகள் இந்த வழியில்தான் ஹார்ட்டெயிலுக்கு ஒரு தனி அடையாளம் கொடுத்தன. ஸ்டீல் நல்லது என்பதைவிட, ஸ்டீலை எடுத்தவர்கள் ஹார்ட்டெயிலைப் பற்றி யோசித்தவர்கள் என்று சொல்வது பொருத்தம். பெரிய கம்பெனிகளுக்கு மலிவு ஹார்ட்டெயில் என்பது முதல் படி. இவர்களுக்கு அதுதான் வீடு.

அப்படியானால் வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் அந்த யோசனையைத்தான். அது அளவு அட்டவணையில் இருக்கு.

அட்டவணையைப் படிப்பது

ஹார்ட்டெயில் அட்டவணையில் ஒரு வலை இருக்கு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும்தான் தாழும். பின்பக்கமும் ஸ்பிரிங் இருந்தால் இரண்டும் சேர்ந்து தாழும், கோணம் அவ்வளவாக மாறாது. ஹார்ட்டெயிலில் முன்பக்கம் 20 மி.மீ. தாழ்ந்தால் கோணம் சுமார் ஒரு பாகை செங்குத்தாகும். 140 மி.மீ. ஃபோர்க் உங்கள் எடையில் கால்வாசி அமுங்கினால் 35 மி.மீ.; அட்டவணையில் 65 என்று போட்ட ஹெட் ஆங்கிள் 66.5 ஆகிவிடும். பெடல் அச்சு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே வரும். ரீச், அதாவது பெடல் அச்சிலிருந்து ஹெட் ட்யூப் வரைக்கும் கிடையாக உள்ள தூரம், 15 மி.மீ. போல நீளும்.

ஆகவே இரண்டு ஃப்ரேமை ஒப்பிடும்போது, அட்டவணை எந்த நீள ஃபோர்க்கை வைத்துப் போட்டது, ஆள் ஏறும் முன்பா ஏறிய பின்பா என்று முதலில் பாருங்கள். இது தெரியாமல் ‘அது 64, இது 66’ என்று ஒப்பிடுவது வீண். கம்பெனி சொன்ன உச்சத்தைவிட நீளமான ஃபோர்க் போடாதீர்கள். கோணம் கெடுவது ஒரு பக்கம், ஹெட் ட்யூபும் டவுன் ட்யூபும் சேரும் இடத்தில் நெம்புகோல் நீண்டு விரிசல் விடுவது இன்னொரு பக்கம். பழைய 26 அங்குல ஃப்ரேமை நவீனமாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க.

துளைகளும் அகலங்களும்

காசு உண்மையில் கரைவது இங்கேதான். நாலு இடம்.

ஹெட் ட்யூப்: உள்விட்டம் 34 மி.மீ. என்றால், கீழே அகன்ற தண்டு உள்ள இன்றைய ஃபோர்க் நுழையாது. இன்று வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் அந்த வகைதான். 44 மி.மீ. இருந்தால், கீழே வெளிக்கப் போட்டுச் சமாளிக்கலாம்.

பின் அச்சு: 135, 142, 148 என்று மூன்று அகலங்கள் புழக்கத்தில் இருக்கு. உங்களிடம் ஏற்கெனவே சக்கரம் இருந்தால் இதுவே முடிவு செய்துவிடும். கராத்தே மங்கியின் பின் இடைவெளி 145 மி.மீ.; ஸ்டீல் கொஞ்சம் விரியும், சுருங்கும் என்பதை வைத்து 142, 148 இரண்டையும் ஏற்கும். ஸ்டீலின் குணத்தை வாங்குகிறவரின் பைக்கு உதவும்படி பயன்படுத்திய இடம் இது. கோஷத்தைவிட இதை மெச்சுகிறேன்.

சீட் ட்யூப்: ஓடும்போதே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் போடணும்னா 30.9 அல்லது 31.6 மி.மீ. நல்லது. 27.2இல் தேர்வு குறைவு. ஒயர் உள்ளே போகத் துளையும் வேண்டும்.

பெடல் அச்சுக் கூடு: மரை போட்ட 73 மி.மீ. கூடு என்றால் எந்த ஊர்க் கடையிலும் பேரிங் மாற்றலாம். அழுத்திச் சொருகும் வகை சத்தம் போட ஆரம்பித்தால் நிம்மதி போய்விடும்.

காசுக் கணக்கு

ஃப்ரேம் மலிவு என்பதும் சைக்கிள் மலிவு என்பதும் ஒன்றல்ல. ஃபோர்க், சக்கரம், பிரேக், கியர் எல்லாவற்றையும் சில்லறை விலையில் வாங்கிச் சேர்த்தால், அதே தரத்தில் முழு சைக்கிளாக விற்பதைவிட நிச்சயமாகக் கூடும். கம்பெனி அவற்றை மொத்த விலையில் வாங்குகிறது. ஆக, கையில் பழைய சைக்கிளும் அதன் நல்ல பாகங்களும் இருக்கிறவருக்குத்தான் தனி ஃப்ரேம் லாபம். ஒன்றும் இல்லாதவருக்கு மரின், கோனா மாதிரி முழு சைக்கிள்தான் சிக்கனம். ஸ்டீல்தான் வேணும்னு பிடிவாதமும் வேண்டாம். அளவும் துளைகளும் சரியாக உள்ள அலுமினிய ஹார்ட்டெயில், தப்பான ஸ்டீலைவிட எப்போதும் மேல்.

என் வரிசை இதுதான். முதலில் ஃபோர்க்கின் நீளத்தை முடிவு செய்யுங்கள். அந்த நீளத்துக்கு ஆள் ஏறிய நிலையில் கோணத்தையும் ரீச்சையும் கணக்கிட்டு, உங்கள் உயரத்துக்கு ஒத்து வருபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கையில் இருக்கும் பாகங்களை அந்த நாலு துளையோடு ஒப்பிடுங்கள். இதற்குள் பத்து ஃப்ரேம் இரண்டாகிவிடும். அந்த இரண்டில் குழாயின் பெயரையும், வேணும்னா பெயின்ட் கலரையும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.